தபால் பெட்டிக்குள் கங்காருக்குட்டி

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீதான் போனை எடுப்பதே இல்லை, அதனால் இதை எழுதுகிறேன். கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

நேற்று சனிக்கிழமை, நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிற நாள். பதினேழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உன் மகள் வாலுவுக்கு நான் அனுப்பிய புத்தகங்களை நீ திருப்பி அனுப்பிய பார்சல் அதற்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்து 'பைக்குள்ளே யாரு?' புத்தகத்தை எடுத்தேன். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள். நாலாவது பக்கத்தைத் திருப்பினேன். எல்லோரும் முட்டிபோட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கங்காரு அம்மா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தபால் பெட்டி நின்றது. சிவப்பு நிறம், மேலே மூடி, கடிதம் போடுகிற வாய். அந்த வாய் வழியாகக் குட்டிக் கங்காரு தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் இரண்டு பல் விழுந்த ஒருத்தி எழுந்து நின்றாள். "பாப்பாவை யாரு தபால் பெட்டில போட்டது?" என்று அதட்டினாள். இன்னொருத்தி, "ஸ்டாம்ப் ஒட்டலையே, எப்படிப் போய்ச் சேரும்?" என்றாள். பின்னால் ஒரு குழந்தை, "அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு கதையைப் பாதியில் மூடிவைத்தது நேற்றுதான்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மெல்லிய வெள்ளைத் தாள், ஓரம் தெரியாமல் ஒட்டி, அதன் மேல் வரைந்து, நிறமும் கொடுத்திருக்கிறது. உன் வரைபட அலுவலகத்தில் ஒரு கட்டடத்தை இடித்துவிட்டால் முழு வரைபடத்தையும் மறுபடி வரைய மாட்டீர்களாம், அந்த இடத்தில் மட்டும் தாளை ஒட்டித் திருத்திவிடுவீர்களாம். நீதான் ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். இவ்வளவு சுத்தமாக ஒட்டுகிற கை உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

மற்ற புத்தகங்களையும் பார்த்தேன். தும்மல் கதையில் அம்மா யானை பாறையாகிவிட்டது. ஆனால் தும்பிக்கை நுனியை மூட மறந்துவிட்டாய். பாறை குட்டிக்குக் கைக்குட்டை நீட்டுகிறது. வாத்துக் கதையில் ஐந்து குஞ்சுகள் ஒரு வாளிக்குப் பின்னால் வரிசையாக நடந்து போகின்றன.

உனக்கு என்னடா ஆயிற்று? இது பொதுச் சொத்து. பிள்ளைகளின் சொத்து. எனக்குப் பதில் வேண்டும், உடனே வேண்டும்.

அக்கா

-

மார்ச் 9

அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆமாம், நான்தான் ஒட்டினேன். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் வாசிப்பீர்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு அவரவர் பெற்றோர் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். புத்தகத்தை மூடின பிறகு வருகிற கேள்விகளுக்கு நீங்களா பதில் சொல்கிறீர்கள்? நான்தான் சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, வாலுவுக்குத் தலை பின்னி விடுகிறேன். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் மற்றது தோள்மேலேயும் வருகிறது. மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறேன். சாயந்தரம் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் உங்கள் பார்சல். நாலு வயதுப் பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைக்கிறது. "இது யாரு?" "அம்மா." "இந்த அம்மா எங்க போறாங்க?" "எங்கயும் போகல." "அப்ப எங்கம்மா மட்டும் ஏன் போனாங்க?" யானையில் ஆரம்பித்தாலும் வாத்தில் ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. ஐந்து மாதமாக நான் சொல்வது ஒரே பதில், "அம்மாவுக்கு வேலை இருக்கு." சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

உங்களுக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டே பார்சல் பார்சலாக அம்மாக்களை அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? புண்ணில் குத்திக்கொண்டே 'படம் அழகாக இருக்கிறதா' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நான் இல்லை. அவள் போனாள். புத்தகத்திலிருந்தும் போகட்டும்.

இனிமேல் உபயோகமான புத்தகங்களை மட்டும் அனுப்புங்கள். எண்கள், எழுத்துகள், பழங்கள், வண்டிகள். அம்மா இல்லாத புத்தகம் ஒன்றுகூட உங்கள் நூலகத்தில் கிடையாதா?

தபால் பெட்டியைப் பற்றி ஒன்று. அளவு விகிதம் சரியாக இருக்கிறது. வேண்டுமானால் அளந்து பாருங்கள்.

தம்பி

-

மார்ச் 13

தம்பிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலும் கோபம் வந்தால் இப்படித்தான் எனக்கு மரியாதை கொடுப்பாய். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். 'நீ' என்றே திட்டு.

அம்மா இல்லாத புத்தகம் கேட்டாயே, தேடினேன். இரண்டு நாள் ஏணியில் ஏறி இறங்கினேன், முழங்கால் இன்னும் வலிக்கிறது. படப்புத்தக அலமாரியில் நானூறுக்கு மேல் இருக்கின்றன. அம்மா இல்லாதவை இருபத்தாறு. அதிலும் உழவு வண்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு அம்மா டிராக்டர் வந்து நிற்கிறது. நான் என்ன செய்யட்டும்? படம் வரைகிறவர்களுக்கும் அம்மா இருந்திருக்கிறார்கள்.

'உபயோகமான' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய் பார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு புத்தகத்தை வாங்குவதற்கு முன் நான் என்ன பார்ப்பேன் தெரியுமா? முதலில் கடைசிப் பக்கம். அங்கே 'ஆகவே குழந்தைகளே' என்று யாராவது விரலை நீட்டினால் அந்தப் புத்தகம் வந்த வழியே போய்விடும். பிறகு சத்தம் போட்டு வாசிப்பேன். வாசிக்கிற எனக்கே ஓரிடத்திலாவது சிரிப்பு வர வேண்டும். பத்தாவது தடவை வாசிக்கும் அப்பாவுக்கும் அது தாங்க வேண்டும். படத்தில் ஒரு மூலையில் எழுத்தில் சொல்லாத ஒன்று ஒளிந்திருக்க வேண்டும், ஒரு நத்தையோ ஒரு தொலைந்த காலுறையோ, பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்து நம்மைப் பார்த்து இளிக்க வேண்டும். கடைசியில் "இன்னொரு தடவை" என்று கேட்க வேண்டும். ஒரு பழத்தின் படத்தைக் காட்டிப் பழம் என்று சொன்னால் எந்தப் பிள்ளை இன்னொரு தடவை கேட்கும்?

இப்போது நீ ஒளித்துவைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 'அவள் போனாள்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். கண் மருத்துவமனையில் ஒரு வருஷ நர்ஸ் பயிற்சி. இடம் கிடைத்த கடிதத்தை உன் கையில் கொடுத்து, "பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன், நீங்க வாரக் கடைசியில வாங்க" என்று கேட்டுவிட்டுத்தான் போகப் பார்த்தாள். "போனா தனியாப் போ, திரும்பி வராதே" என்றது யார்? வாசலில் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டது யார்? தினமும் சாயந்தரம் ஏழு மணிக்கு அவள் போன் செய்கிறாள். நீ வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறாய். அவள் சண்டை போட்டது உன்னோடு. பிள்ளையோடு இல்லை. அதைப் புரிந்துகொள்ள நூலகம் எதற்கு?

கேட்டாய் என்பதற்காக வண்டிப் புத்தகம் ஒன்று, பழப் புத்தகம் ஒன்று அனுப்புகிறேன். கூடவே 'ஷூ வீட்டுக் கதவு'. ஒரு பழைய ஷூவுக்குள் குடியிருக்கும் எலிகளின் கதை. கோந்து பாட்டிலைத் தூரமாக வைத்துவிட்டுப் படி.

அக்கா

-

மார்ச் 20

அக்காவுக்கு,

'நீ' என்றே திட்டச் சொன்னாய். சந்தோஷம், திட்டுகிறேன்.

நீ கெட்டிக்காரி என்று நினைப்பு உனக்கு. வண்டிப் புத்தகத்தை வாலு திறந்தாள். பெரிய பஸ்ஸைக் காட்டி, "இது அம்மா வண்டி" என்றாள். குட்டிக் கார் அவளாம். பழப் புத்தகத்தில் பெரிய மாம்பழம் அம்மா. அதற்கெல்லாம் நான் எத்தனை தாள் ஒட்டுவது? மாம்பழத்தின் மேல் எதை வரைவது? கோபத்தில் அலுவலகத்தில் ஒரு குளத்தையே வேறு தெருவில் ஒட்டிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு, "குளம் நடந்து போச்சா?" என்று கேட்டார்.

எலிப் புத்தகம் யாருக்காக அனுப்பியது? பிள்ளைக்கா, எனக்கா? இரண்டு பக்கமும் திறக்கிற கதவாம். உள்ளேயிருந்து அப்பா எலி தள்ளுகிறதாம், வெளியேயிருந்து அம்மா எலி தக்காளிக் கூடையை வைத்துவிட்டுத் தள்ளுகிறதாம். இருவரும் ஒரே நேரத்தில் தள்ளுவதால் கதவு அசையவே இல்லையாம். குட்டி எலி, "யாராவது ஒருத்தர் நிறுத்துங்க!" என்று கத்துகிறதாம். உபதேசம் வைக்கிற புத்தகம் ஆகாது என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவள் நீ. இது என்னவாம்?

நான் ஒட்டினேன். ஆமாம், மறுபடியும் ஒட்டினேன். வெளியே இருந்த அம்மா எலியின் மேல் ஒரு வேலியும் இரண்டு செடியும் வரைந்தேன். தக்காளிக் கூடையை விட்டுவிட்டேன், நன்றாக வரைந்திருந்தது.

வாசித்தேன். அப்பா எலி தள்ளுகிறது, தள்ளுகிறது, கதவு திறக்கவில்லை. வாலு புத்தகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"வெளிய யாருமே இல்லையே. அப்புறம் ஏன் கதவு திறக்கல?"

"காத்து தள்ளுதும்மா" என்றேன்.

"காத்துக்குத்தான் கையே இல்லையே."

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். கூடை யாருடையது என்று அடுத்துக் கேட்டிருப்பாள், எனக்குத் தெரியும்.

போதும் அக்கா. இனி பார்சல் வேண்டாம். வாலு தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். நீ தேர்ந்தெடுத்தது போதும். என் பிள்ளைக்கு எதற்குச் சிரிப்பு வரும், எது பிடிக்கும் என்று உனக்கு என்ன தெரியும்? வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறவள் நீ.

தம்பி

-

மார்ச் 24

தம்பிக்கு,

கடைசி வரியில் நீ கேட்டது நியாயம். உன் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு புத்தகத்தைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை.

உன்னிடம் சொல்லமாட்டேன் என்று உன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று மீறுகிறேன். உன் பிடிவாதத்துக்கு முன்னால் என் வாக்கு ஒன்றும் பெரிதில்லை.

அந்த மருத்துவமனை என் நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஒவ்வொரு வியாழனும் காலையில் கதவு திறந்ததும் வருவாள். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில், முழங்கால் முகவாய்க்கு வர உட்கார்ந்துகொள்வாள். மத்தியானம் வரை படப்புத்தகமாக எடுத்துப் பார்ப்பாள். வாய்க்குள்ளேயே வாசிப்பாள். இந்த வரியில் வாலு சிரிப்பாள், இந்தப் படத்தில் பயப்படுவாள், இது இப்போது வேண்டாம், அடுத்த மாதம் அனுப்பலாம் என்று பிரித்து வைப்பாள். நான் பார்சல் கட்டுவேன். விலாசம் என் கையெழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ பிரிக்கவே மாட்டாய் என்றாள். இந்த ஐந்து மாதமும் உனக்கு வந்த அத்தனை புத்தகமும் அவள் தேர்ந்தெடுத்தது. உபயோகமான இரண்டையும் எலிக் கதையையும் தவிர. எலிக் கதை நான் வைத்தது, அதுவும் உனக்காகத்தான். ஒப்புக்கொள்கிறேன்.

தும்மல் கதை ஏன் என்று கேட்டேன். "அவ தும்முறதுக்கு முன்னாடி மூணு தடவை 'வருது வருது'ன்னு சொல்லுவா அண்ணி, இந்தக் குட்டியும் அப்படியே சொல்லுது" என்றாள். வாத்துக் கதை ஏன் என்றால், கடைசிக் குஞ்சு வாலுவைப் போலவே செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருக்கிறது. நீ கவனித்தாயா? கங்காரு எதற்கு என்று உனக்கே தெரிந்திருக்க வேண்டும். மழை நாளில் பிள்ளையைத் தன் மழைக்கோட்டுக்குள்ளேயே போட்டுப் பொத்தான் மாட்டி, தலை மட்டும் வெளியே தெரிய, பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போவாளாமே. பக்கத்தில் குடையோடு நடந்தது நீதானே? அந்தப் படத்தின் மேல்தான் தபால் பெட்டி வரைந்தாய்.

தபால் பெட்டியை அவள் பார்த்துவிட்டாள். நான் அந்தப் புத்தகத்தை மேசைக்கு அடியில் வைத்திருந்தேன், கண்டுபிடித்துவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவருக்குக் கை ரொம்ப சுத்தம் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

இனி பார்சல் வராது. நீ கேட்டபடியே நிறுத்திவிட்டேன். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிற வியாழனும் வந்து உட்காருவாள், புத்தகத்தைப் பிரித்து வைப்பாள். நான் என்ன சொல்லட்டும்? அதையும் நீயே எழுதி அனுப்பு.

அக்கா

-

மார்ச் 30

அக்காவுக்கு,

ஐந்து மாதம் என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் போகாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு மழைக்கோட்டைத் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பொத்தான் தளர்ந்திருக்கிறது, பிள்ளையின் கனத்தில். நான் அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன். அவள் போனதைவிட, நான் "திரும்பி வராதே" என்று சொன்னதை அவள் அப்படியே கேட்டுக்கொண்டு போனதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே வந்து நிற்பாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயந்தரம் நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. வாலு இருக்கிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தால் என் வரைபலகை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கோந்து பாட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. என் ஒட்டுத்தாள் ஒன்றைக் கத்தரித்து, எலிப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கோணல்மாணலாக, ஓரமெல்லாம் கோந்து வழிந்து.

அவள் ஒட்டியது அப்பா எலியின் மேல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்னடி பண்ற? புத்தகத்துல யாராவது இப்படிச் செய்வாங்களா?" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் நான் என்ன கத்தினேன் என்று எனக்கே காதில் விழுந்தது.

அவள் பயப்படவில்லை. ஒட்டின தாளுக்கு மேலே பென்சிலால் ஒரு சதுரம் வரைந்திருந்தாள். ஒரு பக்கம் கோடு சேரவில்லை.

"அப்பா எலி எங்க?" என்று கேட்டேன்.

"ஜன்னல் வழியா வெளிய போயிருக்கு."

"எதுக்கு?"

"அந்தப் பக்கம் யாரு தள்ளுறாங்கன்னு பாக்க."

நான் அந்தச் சதுரத்தையே பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். என் வேலிக்கும் செடிக்கும் பின்னால் அம்மா எலி, இரண்டு கையையும் கதவில் வைத்தபடி, நன்றாகத் தெரிந்தது. அலுவலகத்தில் பழைய தெருவைப் பார்க்க நாங்களும் இப்படித்தான் தாளை வெளிச்சத்தில் பிடிப்போம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"தபால் பெட்டிக்குள்ளயும் அம்மா கங்காரு இருந்துச்சுப்பா. பாறைக்குள்ள யானை. வாளிக்குள்ள வாத்து. நான் தினமும் பாப்பேனே" என்றாள். "நீங்க ஒட்டுனா அவங்க உள்ள உக்காந்திருப்பாங்க, அவ்ளோதான்."

அக்கா, நான் எத்தனை கவனமாக ஓரத்தைத் தேய்த்து ஒட்டினேன் தெரியுமா.

போன் வயரை மாட்டினேன். ஏழு மணிக்கு மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தேன். என்ன பேசினோம் என்று எழுத மாட்டேன். உன் நூலகத்தில் அதற்கு அலமாரி கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், தள்ளுவதை முதலில் நிறுத்தியது நான்தான். பிறகு வாலு போனைப் பிடுங்கிக்கொண்டு அரை மணி நேரம் கொடுக்கவில்லை.

கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டி, எலிப் புத்தகத்தில் என் வேலியைப் பிரித்தெடுத்துவிட்டேன். அம்மா எலிக்கு ஒரு காது மட்டும் கொஞ்சம் வெளுத்துவிட்டது. வாலு ஒட்டினதைப் பிரிக்க மாட்டேன். பிரிக்க விடவும் மாட்டேன். நூலகத்துக்கு வேறு பிரதி வாங்கிக்கொள். பொதுச் சொத்து, பிள்ளைகளின் சொத்து என்று ஆரம்பிக்காதே, என் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

கங்காருப் புத்தகத்தையும் மற்றவற்றையும் எடுத்து வை. நானே வந்து பிரித்துத் தருகிறேன். நீ நகத்தால் சுரண்டினால் படம் போய்விடும்.

அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். வருகிற வியாழன் காலை, கதவு திறக்கிற நேரத்துக்கு வருகிறோம். அவளிடம் நீ எதுவும் சொல்லாதே. அந்தச் சின்ன நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு போட்டு வை.

தம்பி